பார்வையின்றிப் பூச்சிகள் வழியறியும் விதத்தை நீங்களே சோதித்தறிவது எப்படி

சுவரோரமாக ஊர்ந்து செல்லும் எறும்புச் சாரையைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் வந்து பார்த்தால், அது பெரும்பாலும் அதே கோட்டில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். வேலைக்காரக் கரையான்களுக்குப் பெரும்பாலான இனங்களில் கண்பார்வையே கிடையாது. ஆயினும் அவை மண்குழாய் கட்டிக்கொண்டு மரத்துக்கும் புற்றுக்கும் இடையே தவறாமல் போய் வருகின்றன. இருண்ட கூட்டுக்குள் ஒரு தேனீ ஆடும் ஆட்டத்தின் பொருளை, மற்றத் தேனீக்கள் உணர்கொம்பால் தொட்டும் அதன் சிறகசைவு எழுப்பும் காற்றதிர்வை உணர்ந்துமே அறிந்துகொள்கின்றன. இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நின்றுவிட வேண்டியதில்லை. எந்தப் பூச்சி எந்தப் புலனை நம்பி நடக்கிறது என்பதைச் சில வெள்ளைத் தாள்களையும் சிறிது சர்க்கரையையும் கொண்டு நாமே சோதித்தறிய முடியும். அந்தச் சோதனையைப் பிழையின்றிச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான். பூச்சி எதை நம்பிச் செல்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை மட்டும் நகர்த்த வேண்டும். மற்ற யாவும் இருந்தபடியே இருக்க வேண்டும். இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் கிடக்கும்போது அவற்றைப் பிரிக்காமல் ஒன்றை மட்டும் காரணமாகக் கருதிவிடுவது மிக எளிதில் நேரும் தவறு. பூச்சிகளைக் கூர்ந்து கவனிப்பதில் நிகரற்றவராக விளங்கிய பிரெஞ்சு இயற்கையாளர் ழான் ஆன்றி ஃபாப்ருக்கும் அது நேர்ந்திருக்கிறது. பைன் மரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும் கம்பளிப்புழுக்களை அவர் 1896-இல் ஒரு பெரிய பூத்தொட்டியின் விளிம்பில் ஏறவிட்டார்; அவை ஏறத்தாழ 7 நாள்கள் அந்த விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தன. புழுக்கள் விட்டுச்செல்லும் பட்டிழைதான் அவற்றுக்கு வழிகாட்டுகிறது என்று ஃபாப்ர் கருதினார். நூறாண்டுக்குப் பின்னர் இழையையும் மணத்தையும் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தபோது, வயிற்று நுனியிலிருந்து தரையில் படியும் மணப்பொருளும் முன்செல்லும் புழுவின் மயிரைத் தொடும் உணர்வுமே ஊர்வலத்தை நடத்துகின்றன என்பதும், இழை இன்றியமையாதது அன்று என்பதும் தெரியவந்தன. இழையும் மணமும் ஒரே கோட்டில் கிடந்ததால், கண்ணால் பார்த்து மட்டும் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. பளபளப்பில்லாத வெள்ளைத் தாள், தடித்த அட்டை, சர்க்கரைக் கரைசல், கைலென்சு, மென்மையான ஓவியத் தூரிகை, மணி பார்க்கக் கைபேசி, குறிப்பேடு ஆகியவற்றோடு, கண்ணாடியின் மீது சிவப்பு செல்லோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிய ஒரு டார்ச் விளக்கும் வேண்டும். பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பொளி மிக மங்கலாகவே தெரியும் என்பதால், நாம் பார்க்கவும் அவை இருட்டில் இருப்பதுபோல் நடக்கவும் அந்த ஒளி உதவுகிறது. எனினும், சிவப்பாக இருந்தாலும் ஒளி கடுமையாக இருந்தால் அவை உணர்ந்துகொள்ளக்கூடும். ஆகவே விளக்கைத் தள்ளிவைத்து, குறிப்பெடுக்கப் போதுமான வெளிச்சம் மட்டும் வருமாறு அமைத்துக்கொள்ள வேண்டும்.

எறும்புச் சாரை

முதற்சோதனைக்கு எறும்பே ஏற்றது. ஆனால் எல்லா எறும்பும் ஏற்றதன்று. பெரிய கண்களோடு தனித்தனியே ஓடித் திரியும் எறும்புகள் பார்வையைப் பெரிதும் நம்பக்கூடியவை. நெருக்கமாகச் சாரை கட்டும் சிற்றெறும்புகளையே தேர்ந்தெடுங்கள். உணவைக் கண்டுபிடித்துத் திரும்பும் எறும்பைக் கைலென்சால் பார்த்தால், அது அவ்வப்போது வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுச் செல்வதைக் காணலாம். அப்போது அது இடுவதே தடம். தன் இனத்தாருக்குச் செய்தி உணர்த்தும் இத்தகைய மணப்பொருளை ஃபெரோமோன் என்கிறோம். தீயெறும்பில் அது வயிற்றிலுள்ள தூஃபூர் சுரப்பியிலிருந்து வருகிறது என்பதை எட்வர்ட் வில்சன் 1959-இல் காட்டினார்; அச்சுரப்பியை நசுக்கி அவர் இழுத்த செயற்கைக் கோட்டின் மீதே எறும்புகள் திரண்டு நடந்தன. எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும்: இலைவெட்டி எறும்பு ஒன்றின் தடப்பொருள், ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே, உலகை ஒரு முறை சுற்றிவரும் தடத்தை இடப் போதுமானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சாரையின் குறுக்கே விரலால் தேய்த்துவிட்டு எறும்புகள் தடுமாறுவதைக் காட்டும் சோதனை மிகப் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் பொன்னே அதைச் செய்து காட்டினார். அதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் கொண்டு முடிவு கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரல் மணத்தை அழிக்கிறது என்பது உண்மைதான். அதே நேரத்தில் அது வியர்வையையும் எண்ணெய்ப்பசையையும் புதிதாகப் பூசுகிறது, தூசியைத் தள்ளுகிறது, அந்த இடத்தைச் சற்றுச் சூடாக்கவும் செய்கிறது. எறும்பு தயங்கியது பழைய மணம் போனதாலா, புதிய மணம் வந்ததாலா என்று அந்தச் சோதனையால் சொல்ல இயலாது.

அதைவிடத் தெளிவான முறை பின்வருவது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மீது சர்க்கரைக் கரைசலை வையுங்கள். சாரை ஓடும் இடத்திலிருந்து கிண்ணம் வரை அட்டையால் பாலம் அமையுங்கள். பாலத்தின் அகலம் குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்; ஏனெனில் எறும்புகள் விளிம்பைத் தொட்டுக்கொண்டே நடக்கும் பழக்கமும் உடையவை, பாலம் குறுகலாக இருந்தால் அவை மணத்தை விட்டுவிட்டு விளிம்பையே பிடித்துக்கொண்டு போய்விடும். பாலத்தின் மீது மூன்று தாள்களை இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பரப்புங்கள். நடுத்தாள் பக்கத்துக்குப் பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள சதுரமாக இருக்கட்டும். எறும்புகள் உணவைக் கண்டுபிடித்து, சாரை நன்றாகக் கெட்டிப்படும் வரை காத்திருங்கள். இது அரை மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்; அவசரப்பட்டால் பின்வரும் எதுவும் சரிவராது.

இனி நடுத்தாளை நான்கு விதமாகக் கையாள வேண்டும். முதலில் அதை மெல்லத் தூக்கி, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வையுங்கள். தாளைத் தூக்குவதே எவ்வளவு கலக்கத்தை உண்டாக்குகிறது என்பதை இது காட்டும். பிற சோதனைகளின் விளைவை இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால், வீண்வேலை என்று எண்ணி இதைத் தவிர்த்துவிடாதீர்கள். அடுத்து, அதே இடத்தில் எறும்பு படாத புதுத்தாள் ஒன்றை வையுங்கள். மூன்றாவதாக, பழைய நடுத்தாளைக் கால்வட்டம் திருப்பி, தடம் குறுக்காகக் கிடக்குமாறு வையுங்கள். கடைசியாக, அதை அரைவட்டம் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு முன் 5 நிமிடமும் மாற்றிய பின் 5 நிமிடமும், நடுத்தாளைக் கடந்து செல்லும் எறும்புகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஆறு முறையாவது, வரிசையைக் கலைத்துக் கலைத்துச் செய்வது நல்லது. ஏனெனில் சாரை நேரம் போகப்போகத் தானாகவே பெருகும் அல்லது குறையும்.

எறும்புகள் கண்ணால் திசையறிந்து நடப்பவையாக இருந்தால் நான்கு நிலையிலும் நேராகவே நடந்து போய்விடும். மணத்தை நம்புபவையாக இருந்தால், புதுத்தாளின் விளிம்பில் நின்று உணர்கொம்புகளை அசைத்துக்கொண்டு அங்குமிங்கும் தேடும்; தாளைக் கால்வட்டம் திருப்பியபோது சில எறும்புகள் குறுக்குத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் பக்கவாட்டு விளிம்புக்கே போய்ச் சேரும். இங்கே கவனிக்க வேண்டியது எறும்பின் இரு உணர்கொம்புகளையும்தான். நடக்கும்போது அவை தடத்தின் இருபுறமும் மாறி மாறி அசைகின்றன. எந்தப் பக்கம் மணம் மிகுதியோ அந்தப் பக்கம் உடல் திரும்புகிறது. வால்டர் ஹங்கார்ட்னர் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்கொம்புகளைக் குறுக்காகப் பிணைத்து ஒட்டிய எறும்புகள் தடத்தைத் தொடர மிகவும் தடுமாறின; ஒரு கொம்பு மட்டும் உள்ளவை அந்தக் கொம்பின் பக்கமாகவே மீண்டும் மீண்டும் விலகிச் சென்றன. அந்த உண்மை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், நாம் எந்த எறும்பின் கொம்பையும் வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை.

அரைவட்டம் திருப்பிய தாள்தான் பலரை வியப்பில் ஆழ்த்தும். எறும்புகள் அதன் மீது பெரும்பாலும் தயக்கமின்றி நடந்து போகும். நேரான மணக்கோட்டில் புற்று எந்தப் பக்கம், உணவு எந்தப் பக்கம் என்னும் குறிப்பு இல்லை என்பதே இதன் பொருள். அப்படியானால் நடுவழியில் திசை தவறிய எறும்பு எவ்வாறு திருந்தும்? ஃபாரோ எறும்புகளைக் கொண்டு ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2004-இல் இதற்கு அழகான விடை ஒன்றைக் கண்டனர். அவ்வெறும்புகளின் தடம் புற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, 50 முதல் 60 பாகைக் கோணத்தில் கவைகவையாகப் பிரிகிறது. வெளியே செல்லும் எறும்புக்கு இரு கிளைகளும் சிறிதே விலகியவையாக அமைகின்றன. புற்றை நோக்கி வரும் எறும்புக்கோ, ஒரு வழி சிறு வளைவாகவும் மற்றது கூர்மையான திருப்பமாகவும் அமைகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு எறும்பு தன் திசையைச் சரிசெய்துகொள்கிறது. கவையில்லாத நேர்த்தடத்தில் விடப்பட்ட எறும்புகளால் அது முடியவில்லை. தடத்தின் வடிவமே திசைகாட்டியாக அமைந்துவிடும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

முழுச் சோதனையையும் ஒரு முறை பகலொளியிலும் ஒரு முறை சிவப்பொளியிலும் செய்து பாருங்கள். இரண்டிலும் விளைவு ஒன்றாக இருந்தால்தான், இந்தப் பாலத்தில் இந்த எறும்புகளுக்குப் பார்வை தேவைப்படவில்லை என்று எழுதலாம்.

கரையானும் பேனாவும்

கரையான்கள் வயிற்றின் அடிப்புறத்திலுள்ள சுரப்பியால் தடமிடுகின்றன. சில பால்பாயிண்ட் பேனாக்களின் மையில் உள்ள ஃபீனாக்சிஎத்தனால் என்னும் பொருள் அவற்றின் தடமணத்தை ஒத்திருப்பதால், காகிதத்தில் வரைந்த கோட்டையே வேலைக்காரக் கரையான்கள் தடமாகக் கொண்டு நடக்கும். வெவ்வேறு பேனாக்களால் ஒரு சாண் விட்டமுள்ள வட்டங்கள் வரைந்து, மென்தூரிகையால் கரையானை எடுத்துக் கோட்டின் அருகே விடுங்கள். எல்லாப் பேனாவும் பயன்படாது. மூன்று நான்கு வகைகளையாவது முயன்று பார்க்க வேண்டும். சிறகு முளைத்த ஈசலையோ பெரிய தாடையுள்ள காவற்கரையானையோ தவிர்த்து, வெளிறிய வேலைக்காரர்களையே எடுங்கள்.

இங்கும் மணத்தோடு வேறொன்று ஒரே கோட்டில் கிடக்கிறது. பேனா காகிதத்தில் மையை இடுவதோடு ஒரு பள்ளத்தையும் அழுத்துகிறது. கரையான் அந்தப் பள்ளத்தைத் தொட்டுணர்ந்து நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மை தீர்ந்துபோன பேனாவால் அதே அழுத்தத்தில் ஒரு வட்டமும், பென்சிலால் ஒரு வட்டமும் வரைந்து ஒப்பிட வேண்டும். மைக்கோட்டில் மட்டும் நடந்தால் மணமே காரணம் என்று துணிந்து எழுதலாம். கரையானின் தோல் மெல்லியது, வறண்ட காற்றில் விரைவில் வாடிவிடும். ஆகவே ஈரத்தாள் விரித்த மூடிய பெட்டியில் அவற்றை வைத்திருந்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வெளியே விடாமல், வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

தொடுகையும் காற்றும்

கரப்பான்பூச்சியை வழவழப்பான சுவருள்ள பெரிய பெட்டியில் விட்டுச் சிவப்பொளியில் பாருங்கள். அது சுவரோரமாக ஓடும்போது ஓர் உணர்கொம்பு சுவரில் படிந்து பின்னோக்கி வளைந்திருக்கும். சுவர் விலகினால் உடல் அந்தப் பக்கம் திரும்பும், நெருங்கினால் மறுபக்கம் திரும்பும். சுவரைத் தொட்டபடி ஓடும் கரப்பான் ஒரு வினாடியில் 25 முறை வரை இவ்வாறு திசை திருத்திக்கொள்ள வல்லது என்று அளந்திருக்கிறார்கள். சுவரின் ஒரு பகுதியில் வளைந்த அட்டையை வைத்து, அது எந்தத் தொலைவில் திரும்பத் தொடங்குகிறது என்று கவனித்தால், அந்தத் தொலைவு உணர்கொம்பின் நீளத்துக்குள் அடங்குவதைக் காணலாம். வாலருகே உள்ள இரு சிறு முட்கள் போன்ற உறுப்புகள் ஒவ்வொன்றிலுமோ ஏறத்தாழ 200 மெல்லிய மயிர்கள் உண்டு. அவை காற்றின் சிறு அசைவையும் உணரும். உறிஞ்சுகுழல் வழியாகப் பின்புறம் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல ஊதினால், பூச்சி வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் மறுபக்கம் திரும்பி ஓடத் தொடங்கும். ஊதும்போது கையோ முகமோ அதன் மீது நிழலாட விடக் கூடாது.

ஒலி

1913-இல் யோஹன் ரேகன் செய்த சோதனை, ஒன்றை மட்டும் நகர்த்தும் விதிக்கு மிகச் சிறந்த சான்று. ஆண் சுவர்க்கோழியின் ஓசையை அவர் தொலைபேசி வழியாக வேறோர் இடத்துக்கு அனுப்பினார். பெண் சுவர்க்கோழி அங்கே ஓசை வெளிவந்த தொலைபேசிக் குழலை நோக்கி நடந்தது. கம்பி வழியே மணமும் உருவமும் போகா, ஒலி மட்டுமே போகும். அதே சோதனையை நீங்கள் கைபேசியால் செய்யலாம். உங்கள் இடத்திலுள்ள ஆணின் ஓசையையே பதிவு செய்து, கைபேசியின் திரையைக் கவிழ்த்து வைத்து, ஒரு மீட்டர் தொலைவில் பெண்ணை விடுங்கள். வாலில் நீண்ட ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பு இருப்பது பெண். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் அசையாமலும் இருக்கக்கூடும். ஆகையால் பல பூச்சிகளை முயல வேண்டும். சுவர்க்கோழியின் காது முன்னங்கால்களில் இருப்பதால், நடக்கும்போது அவ்வப்போது நின்று கேட்பதுபோல் தோன்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

தூனிசியாவின் உப்புப் பாலைநிலத்தில் வாழும் கட்டாக்ளிஃபிஸ் எறும்பு, வெந்தரையில் மணத்தடம் நிலைக்காத காரணத்தால், தான் வைத்த அடிகளைக் கணக்கில் கொண்டு வீடு திரும்புகிறது. விட்லிங்கர், வேனர், வோல்ஃப் ஆகிய மூவர் 2006-இல் இதை நிறுவினர். புற்றிலிருந்து 10 மீட்டர் தொலைவில் உணவை வைத்து, அங்கே வந்துசேர்ந்த எறும்புகள் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினர். சிலவற்றின் கால்களைக் குறுக்கினர். பொய்க்கால் எறும்புகள் புற்று இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, உணவிடத்திலிருந்து மொத்தம் ஏறத்தாழ 15 மீட்டர் நடந்தபின் தேடத் தொடங்கின. கால் குறுகியவை ஏறத்தாழ 6 மீட்டரிலேயே தேடத் தொடங்கின. அதே எறும்புகள் மறுமுறை புதிய கால்களோடு போகவும் வரவும் செய்தபோது தொலைவைச் சரியாகவே அளந்தன. ஆனால் திசையை அவை வானத்து ஒளியிலிருந்து கண்ணாலேயே அறிகின்றன. ஆகையால் இந்த எறும்பைப் பார்வையற்ற வழியறிதலுக்குச் சான்றாகக் கூறும்போது, தொலைவுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பறக்கும் பூச்சிகளிடமும் இதே எச்சரிக்கை தேவை. 1959-இல் அடால்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்த பாம்பிகால் என்னும் மணப்பொருளை உணர்ந்து, பறக்க இயலாத ஆண் பட்டுப்பூச்சி நடந்தே பெண்ணிடம் சேருகிறது. தரையில் நடக்கும் பூச்சியால் காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை உணர்கொம்பால் உணர முடியும். காற்றோடு மிதக்கும் பூச்சிக்கு அந்த வசதி இல்லை. தன்னைக் காற்று எப்பக்கம் தள்ளுகிறது என்பதைக் கீழே தரை நகர்வதைப் பார்த்தே அது அறிகிறது. ஜான் கென்னடி இதைக் கொசுக்களிடம் கண்டு 1940-இல் எழுதினார். எனவே மணத்தைத் தேடிப் பறந்துவரும் அந்துப்பூச்சி கண்ணை முற்றிலும் விட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். காந்தப்புலத்தைச் சோதிக்க வீட்டுக் காந்தங்களைப் பயன்படுத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவற்றின் விசை புவியின் காந்தப்புலத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், பூச்சி தடுமாறினாலும் அதிலிருந்து எதுவும் தெளிவாகாது.

தடத்தின் ஆயுள்

எறும்புப் பாலச் சோதனை கைவந்த பிறகு, அதே தாள்களைக் கொண்டு தடம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்றும் அளக்கலாம். சில இனங்களின் தடம் சில நிமிடங்களில் மங்கிவிடும், சிலவற்றின் தடம் நாள்கணக்கில் நிற்கும். சாரை கெட்டிப்பட்ட தாளை எடுத்து, அதன் மீதுள்ள எறும்புகளைத் தூரிகையால் மெல்லப் பாலத்திலேயே இறக்கிவிட்டு, தாளை அறையின் ஒரு மூலையில் திறந்தபடி வையுங்கள். இதுபோல் பல தாள்களைச் சேர்த்து, 5, 10, 20, 40, 80 நிமிடங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கால்வட்டம் திருப்பிப் பாலத்தின் நடுவில் வைத்து, குறுக்குத் தடத்தைப் பிடித்துச் செல்லும் எறும்புகளை எண்ணுங்கள். எண்ணுபவருக்குத் தாளின் வயது தெரியாமல் இருப்பது நல்லது. தாளின் பின்புறத்தில் எண் எழுதி, மற்றொருவரை வைக்கச் சொல்லலாம். எழுதப் பென்சிலையே பயன்படுத்துங்கள், மையின் மணம் தாளில் ஊறிவிடும். அறையின் வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் ஒவ்வொரு எண்ணிக்கையின் பக்கத்திலும் குறியுங்கள்; மின்விசிறி ஓடும் அறையில் தடம் விரைவாக ஆவியாகும் என்பதால், ஒரே நாளில், ஒரே அறையில், விசிறியை நிறுத்திவைத்து எடுத்த எண்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.